உலகநாதன் வூட்டு ரோட்டோரச் செவுரு

"ஒத்த ரூபா! ஒத்த ரூபா என் பாக்கெட்டுல இருந்து போவாது. ஆனா வூடு சும்மா தகதகன்னு மின்னும். நடக்குதா இல்லியான்னு நீயே பாரு!"

உலகநாதன் இந்தச் சபதத்தைப் போட்டபோது அவர் முகத்தில் பாதிதான் சவரம் ஆகியிருந்தது. மீதிப் பாதி சோப்பு நுரை. அதையும் சிரைத்து முடித்துவிட்டுச் சபதம் போட்டால் ஆகாதா என்று கேட்காதீர்கள். உலகநாதனுக்குச் சபதம் என்பது தும்மல் மாதிரி. வந்தால் வந்ததுதான்.

கேட்டுக்கொண்டிருந்தவள் அவர் மனைவி ரேணுகா. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் வரிசையாகக் கொக்கிகள். அதனால் "ம்" என்றாள். வாயில் கொக்கி இல்லாத நேரத்திலும் அவள் அநேகமாக "ம்"தான் சொல்வாள். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்க, கல்யாணம் ஆன நாளிலிருந்து உலகநாதன் முயன்றுகொண்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். அவர்களுடைய ஒரே மகன் கலையரசன் நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனுக்குச் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தாகிவிட்டது. பெண் பெயர் திவ்யா. பையனுக்குப் பெண்ணைப் பிடித்தது, பெண்ணுக்குப் பையனைப் பிடித்தது. பாக்கி இருப்பது ஒன்றே ஒன்று. பெண் வீட்டார் படாளத்துக்கு வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். பார்த்து, திருப்தியாகி, இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அப்படி இல்லாமல், "இன்னொரு நாளிக்கு சாப்பிடறோங்க" என்று எழுந்துவிட்டால் கதை முடிந்தது. அந்த இன்னொரு நாள் எந்தக் காலண்டரிலும் வராது.

காலண்டர் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. உலகநாதன் வீட்டுச் சுவர்களில் காலண்டருக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. சுவரில் விரிசல் விட்டால் மற்றவர்கள் கொத்தனாரைக் கூப்பிடுவார்கள். உலகநாதன் ஆணி அடித்து ஒரு காலண்டரை மாட்டுவார். விரிசல் நீண்டால் நீளக் காலண்டர், அகன்றால் அகலக் காலண்டர். கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் இது எந்த வருஷம் என்றே நமக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இதோடு நின்றால் பரவாயில்லை. குளியலறைக் கதவு உளுத்து விழுந்தபோது, யாரோ கட்டிவிட்டு மறந்துபோன ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைக் கொண்டுவந்து திரையாகத் தொங்கவிட்டார். ஏதோ ஒரு குழந்தையின் காதுகுத்து பேனர் அது. 'அனைவரும் வருக வருக' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ரேணுகா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, உள்ள ஆளு குளிச்சிகினு கீது, வெளிய 'அனைவரும் வருக'ன்னு கீது. அசிங்கமா இல்ல?"

"அது காதுகுத்துக்குன்னு படிக்கத் தெரிஞ்சவன் யாரும் உள்ள வர மாட்டான்மே."

வாசலில் ஒரு கல் யானை வேறு. உலகநாதன் சொந்தமாகக் குட்டி யானை வண்டி வைத்து லோடு அடிக்கிறவர். மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் செதுக்கிய சிலைகளை ஏற்றிப்போய் ஊர் ஊராக இறக்குவார். அங்கே தும்பிக்கை உடைந்து போட்டிருந்த யானையைக் கேட்டு வாங்கி வந்து வாசலில் நிறுத்திவிட்டார். தும்பிக்கை இல்லாத யானை பார்ப்பதற்குக் கொஞ்சம் கோபித்துக்கொண்ட எருமை மாதிரி இருக்கும். "ஓட்டல்லலாம் இத்தான் வெக்கிறாங்க, டெக்கரேஷனு" என்பது அவர் வாதம்.

சரி, பணம் இல்லாத மனுஷன், பாவம் என்று விட்டுவிடலாமா? விடக் கூடாது. உலகநாதனிடம் பணம் இருந்தது! அதுதான் ரகசியம். அந்த மனுஷனுக்கு இளவட்ட காலத்திலிருந்து புல்லட் மேல் ஒரு கண். டுபு டுபு டுபு என்று அது போகும் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவார். செங்கல்பட்டில் பழைய பைக் விற்கிற கடை ஒன்றில் கறுப்பு புல்லட் ஒன்று நிற்கிறது. அந்தப் பக்கம் லோடு போகும்போதெல்லாம் இறங்கி அதன் சீட்டைத் தன் துண்டால் துடைத்துவிட்டு வருவார். கடைக்காரரே அவரை வேலைக்கு வைத்த ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புல்லட்டுக்காக, வண்டி சீட்டுக்கு அடியில் ஸ்பானர் டப்பாவில், எண்ணெய்த் துணிக்குக் கீழே, ரொம்ப நாளாகச் சேர்த்துக்கொண்டு வந்தார். கிட்டத்தட்ட சேர்ந்தும் விட்டது. அந்த டப்பா பக்கம் வேறு யாரும் போக மாட்டார்கள். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பாள், அதோடு சரி ரேணுகாவுக்கும் வண்டிக்கும் உள்ள சம்பந்தம். இந்த நேரம் பார்த்து, வீட்டுக்குப் பெயிண்ட் அடி, குளியலறைக்குக் கதவு போடு, அடுப்படிக்கு டைல்ஸ் ஒட்டு என்றால் புல்லட் என்ன ஆவது? அதனால்தான் அந்தச் சபதம்.

சபதம் போட்ட மூன்றாம் நாளே வழியும் கிடைத்துவிட்டது. செங்கல்பட்டில் ஒரு டீக்கடை. கிளாசும் கையுமாக ஓர் ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கேசவன் என்று பெயர். ரோட்டோர வீட்டுச் சுவர்களை விளம்பரம் எழுதப் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட்.

"அண்ணாத்த, படாளத்துல ரோட்டப் பாத்தாப்ல ஒரு மொட்டச் செவுரு கீதே, அது உங்க வூடுதானே?"

"ஆமா. இன்னா இப்போ?"

"அந்தச் செவுத்த எனக்குக் குடு."

"செவுத்தக் குடுத்தா வூடு வுழுந்துடாது?"

"ஐய! செவுரு உங்க கிட்டியே இருக்கட்டும் அண்ணாத்த. அதும் மேல வெளம்பரம் எழுதிக்கிறோம். அதுக்குப் பதிலா அந்தச் செவுத்தோட சேத்து வூட்டு முன்பக்கத்துக்கும் ஃப்ரீயா பெயிண்ட் அட்ச்சு குடுத்துடறோம்."

உலகநாதனுக்கு டீ இனித்தது. சர்க்கரை போடாத டீ!

"இன்னா வெளம்பரம் எழுதுவீங்கோ?"

"எதுனா வரும். கம்பெனி எத்த குடுக்குதோ அத்த எழுதுவோம். உங்களுக்கு எதுனா கண்டிஷன் கீதா?"

இங்கேதான் மனுஷன் வாயைக் கொடுத்தார். "ஒரே கண்டிஷன்தான் நைனா. எங்கிட்ட டப்பு கேக்காத. மத்தபடி எத்த வேணா எழுதிக்கோ."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது ரேணுகா மிஷினை நிறுத்தினாள். வாயிலிருந்த கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். உலகநாதன் சண்டைக்குத் தயாராகி லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"நல்ல ஏற்பாடுங்க," என்றாள் ரேணுகா.

"இன்னாது?"

"நல்ல ஏற்பாடுன்னேன். உங்க மூளைக்கு நீங்க லோடு வண்டி ஓட்டிகினு கீறதே தப்பு. அந்த கேசவன் நம்பர எங்கிட்ட குடுங்க. நீங்க இல்லாத நேரத்துல ஆளுங்க வந்து நின்னா, நான் ஒரு காப்பித்தண்ணியாவது போட்டுக் குடுக்க வாணாமா?"

ரேணுகா தன்னைப் புகழ்ந்தாள் என்றால், உஷாராக இருக்கிற எந்தக் கணவனும் ஜோசியரிடம்தான் ஓடியிருப்பான். உலகநாதன் நம்பரைக் கொடுத்தார். கொடுத்ததோடு இல்லாமல், சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சடையப்பனைக் கூப்பிட்டு, "பொண்டாட்டிய எப்டி வெச்சிக்கிணும்னு எங்கிட்ட கத்துக்கோ மச்சான்" என்று பாடம் வேறு எடுத்தார்.

மறுநாள் மாமல்லபுரத்தில் ஒரு நந்தியை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைப் பக்கம் போனார். நந்தியை இறக்க வேண்டிய கோயிலில் ஆள் வரத் தாமதமாகி, அவர் திரும்பி வர அடுத்த நாள் சாயங்காலம் ஆகிவிட்டது. மதுராந்தகம் தாண்டி, படாளம் நெருங்கும்போதே கண்ணில் பட்டுவிட்டது. அரை மைலுக்கு அந்தப் பக்கமிருந்தே தெரிகிற மஞ்சள். ஆகா, நம்ம வூடா இது என்று உலகநாதனுக்கு நெஞ்சு நிறைந்துபோய் ஹாரனை ஒரு தடவை அடித்தார்.

இன்னும் கிட்டே வந்தார். எழுத்து தெரிந்தது. பிரேக்கை மிதித்தார்.

எலுமிச்சை மஞ்சளில், ஆளுயரச் சிவப்பு எழுத்தில், சுவர் முழுக்க இப்படி எழுதியிருந்தது:

'மூலம்! பௌத்திரம்! ஆசனவாய் வெடிப்பு! கத்தி இல்லை! ரத்தம் இல்லை! கூச்சம் இல்லை!'

கீழே நீளமாக ஓர் அம்புக்குறி. வைத்தியசாலை அந்த ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் இருக்கிறதாம். ஆனால் அம்பு போகப் போகச் சுவர் முடிந்துவிட்டது. அம்பின் நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளி உலகநாதன் வீட்டு வாசல். பேசினபடியே முன்பக்கமும் அதே மஞ்சளில் அடித்திருந்தார்கள். நடுவில் தும்பிக்கை இல்லாத யானை பரிதாபமாக நின்றது.

ரேணுகா வாசலில் நின்றிருந்தாள். "சொன்ன மாரியே தகதகன்னு கீதுங்க," என்றாள்.

மறுநாள் காலையில் உலகநாதன் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது முதல் ஆள் வந்துவிட்டார். தோளில் துண்டு, கையில் பை, நடையில் ஒரு ஜாக்கிரதை.

"டாக்டர் கீறாரா?"

"டாக்டரும் இல்ல, கீக்டரும் இல்ல. இது வூடு."

"வூட்லயே பாக்கிறாரா? நல்லதாப் போச்சு. ஆஸ்பத்திரின்னா நாலு பேரு பாப்பாங்க."

"யோவ், சொல்றது புரியலியா? சரி, மொதல்ல அந்த யான மேல உக்காரு. வெவரமா சொல்றேன்."

வந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உக்கார முடிஞ்சா நான் ஏன்யா இங்க வரேன்?"

ரேணுகா ஒரு சொம்பு மோரோடு வந்தாள். "சூட்டுக்கு நல்லதுங்க, குடிங்க. அந்த வைத்தியசாலை நேரா போனா கீது" என்று வழி சொல்லி அனுப்பினாள். அதோடு விட்டதா? அந்த ஆள் மறுநாள் தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "அம்மா குடுத்த மருந்துல நல்ல குணம் தெரியுது. இவருக்கும் ஒரு சொம்பு குடுங்க!" என்றார்.

அதற்கப்புறம் கேட்கணுமா? ஊர் முழுக்கப் பேச்சு இதுதான். அன்றைக்குப் பாடம் கேட்ட சடையப்பன் இப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாடம் எடுத்தான்.

"மச்சான், நீ எப்போ டாக்டருக்குப் படிச்சே?"

"வாய மூடுடா."

"கோச்சிக்காத மச்சான். நேத்து பஸ்ல வரேன், கண்டக்டர் 'மூலம் வூடு எறங்கு, மூலம் வூடு எறங்கு'ன்னு குரல் குடுக்குறாரு. உன் வூட்டுக்கு ஸ்டாப்பிங்கே குடுத்துட்டாங்கபா!"

உலகநாதன் கேசவனுக்குப் போன் போட்டார். எடுத்த எடுப்பில் கத்தினார்.

"இன்னாபா எழுதி வெச்சிகீற? மானம் போவுது!"

"எத்த வேணா எழுதிக்கோன்னு சொன்னது யாரு அண்ணாத்த?"

"சொன்னேன், தப்புதான். இப்போ அத்த அழி."

"பேச்சு ஒரு வருஷத்துக்கு அண்ணாத்த. அப்படியே அழிச்சாலும், செவப்பு சும்மா போவாது. மேல எத்த அட்ச்சாலும் ஊறிகினு வெளிய வரும். நல்ல பெயிண்ட்டரா பாத்து, பிரைமர் குடுத்து, வூடு முச்சூடும் ஒரே தரமா அட்ச்சாதான் அடங்கும்."

பெயிண்ட்டரா? உலகநாதனா? வீட்டில் கிடந்த சுண்ணாம்பைக் கரைத்துத் தானே அடித்தார். ஈரமாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. காய்ந்ததும் எழுத்தெல்லாம் இளஞ்சிவப்பாக, முன்னைவிட லட்சணமாக வெளியே வந்தது. வண்டித் தார்ப்பாயைக் கொண்டுவந்து சுவரில் கட்டினார். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்கா பஞ்சம்? ஒவ்வொரு லாரி போகும்போதும் தார்ப்பாய் குபீரென்று எழும்பி, 'கூச்சம் இல்லை' என்று காட்டிவிட்டு இறங்கியது.

பெண் வீட்டார் வருவது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தார்ப்பாய் கட்டின அன்று சாயங்காலம் நாவலூரிலிருந்து கலையரசன் போன் செய்தான். சுவர் விஷயம் அவனுக்குத் தெரியாது. "அப்பா, நான் எதுவும் கேக்கல. அவுங்க வர்ற அன்னிக்கு வூடு கொஞ்சம் நல்லா இருந்தா போதும்பா. திவ்யா அப்பா எல்லாத்தையும் நுணுக்கமா பாப்பாராம்," என்றான். உலகநாதன் "ம்" என்றார். ரேணுகாவிடமிருந்து கற்றுக்கொண்ட ஒரே வித்தை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ரேணுகா மிஷினுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாமே, இன்னாத்துக்கு அழற?"

"இன்னும் இன்னா வேணும்? ஒரே புள்ள. அந்தக் கொழந்த வாயத் தொறந்து இதுவரிக்கும் ஒண்ணு கேட்டுகீறானா? மொத தபா கேக்குறான். ஞாயித்துக்கெழம திவ்யா அப்பா செல்வராஜு அண்ணன் வந்து இந்தச் செவுத்தப் பாத்தாருன்னா, இந்த வூட்ல பச்சத் தண்ணி குடிப்பாரா? இலைல உக்காருவாரா? உக்காரச் சொன்னா, நம்மளயும் அந்த சீக்குக்காரங்கன்னு நெனச்சிடுவாருங்க!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

உலகநாதன் கஞ்சன்தான். ஆனால் மகன் மேல் உயிர். கலையரசன் சின்னப் பையனாக இருந்தபோது, லோடு வண்டியில் முன்னால் உட்கார்ந்து ஹாரன் அடிக்க வேண்டும் என்று அழுவான். அதற்காகவே திருக்கழுக்குன்றம் வரை ஒன்றுமில்லாமல் ஒரு ரவுண்டு போய்விட்டு வருவார். டீசல் கணக்குப் பார்க்காமல் அவர் செய்த ஒரே காரியம் அது. அந்தப் பிள்ளை கல்யாணம் தன் சுவரால் நின்று போவதா?

எழுந்து வண்டிக்குப் போனார். டிரைவர் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். கண்ணை மூடினால் கறுப்பு புல்லட் டுபு டுபு என்று செங்கல்பட்டு ஏரிக்கரையில் போகிறது. ஓட்டுகிறவன் வேறு யாரோ. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, சீட்டைத் தூக்கி, ஸ்பானர் டப்பாவைத் திறந்து, எண்ணெய்த் துணியை விலக்கி நோட்டுக் கட்டை எடுத்தார். மேல் நோட்டில் சிவப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. ஸ்பானர் துரு போலிருக்கிறது என்று விரலால் துடைத்துவிட்டு உள்ளே கொண்டுபோய் ரேணுகா மடியில் வைத்தார்.

ரேணுகாவின் அழுகை அப்படியே நின்றது. கண்ணை அகல விரித்தாள். "ஐயய்யோ! ஏதுங்க இவ்ளோ துட்டு?"

"சேத்து வெச்சேன்."

"எதுக்குங்க?"

"சும்மா... ஒரு அவசரத்துக்கு."

"பாருங்க, கரெக்டா அவசரம் வந்துடுச்சு," என்று கட்டை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

அடுத்த நாள் விடிந்ததும் பெயிண்ட்டர்கள் வந்து இறங்கினார்கள். கூடத்துக்கு இளம்பச்சை, அறைக்கு வெளிர் நீலம், வெளியே சந்தனக் கலர், எல்லாம் ஏற்கெனவே கலந்து டப்பாவில் தயாராக வந்தது. அடுப்படி டைல்ஸ் மதியம் வந்தது. குளியலறைக் கதவு அளவு எடுக்காமலே சரியாகப் பொருந்தியது.

"எப்டிமே அதுக்குள்ள?" என்று கேட்டார் உலகநாதன்.

"நம்ம நல்ல நேரங்க," என்றாள் ரேணுகா.

காலண்டர்களையெல்லாம் கழற்றி, விரிசலுக்குப் பட்டி வைத்துத் தேய்த்தார்கள். காதுகுத்து பேனர் சடையப்பன் வீட்டு வைக்கோலுக்குப் போர்வையாகப் போயிற்று. யானையை மட்டும் ரேணுகா எடுக்கவில்லை. அதைக் கழுவி, தும்பிக்கை இருந்த இடத்தில் ஒரு செம்பருத்தித் தொட்டியை வைத்துவிட்டாள். அது என்னவோ இப்போது நிஜமாகவே ஓட்டல் டெக்கரேஷன் மாதிரி ஆகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் நின்று பார்த்த உலகநாதனுக்குத் தன் வீடுதானா என்று சந்தேகம் வந்தது. மூலம் இருந்த சுவடே இல்லை. டப்பாவில் நோட்டுக் கட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் வந்தார். திவ்யாவின் அப்பா. சதுரங்கப்பட்டினத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர், எதையும் அளந்து பார்க்கிற கண். கூடத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். குளியலறைக் கதவை மூன்று தடவை திறந்து மூடினார். அடுப்படி டைல்ஸைத் தடவினார். உலகநாதன் பின்னாலேயே போய், அவர் தொட்ட இடத்தையெல்லாம் துண்டால் துடைத்தார்.

"சாப்புட ஒக்காரலாங்களா?" என்றாள் ரேணுகா.

செல்வராஜ் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி திவ்யாவைப் பார்த்தாள். திவ்யா கலையரசனைப் பார்த்தாள். கலையரசன் அப்பாவைப் பார்த்தான். உலகநாதன் செல்வராஜின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை இலைக்குத் தண்ணீர் தெளித்தது. சாதத்தில் குழி பறித்தது. சாம்பாரைப் பிசைந்தது. வாய்க்குப் போயிற்று.

கை நனைந்துவிட்டது! உலகநாதனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. புல்லட் போனால் போகட்டும், பிள்ளை கல்யாணம் நிலைத்ததே என்று மனசுக்குள் படாளத்து மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அப்போது திவ்யாவின் அம்மா அப்பளத்தை உடைத்துக்கொண்டே கேட்டாள். "இன்னா சம்பந்தி, அந்த மூலம் வெளம்பரம் எங்க? அத்தப் பாக்கணும்னே ஆசையா வந்தேன்!"

உலகநாதனுக்குப் புரையேறியது. "உ... உங்களுக்கு எப்டிங்க தெரியும்?"

"சம்பந்தியம்மாதான் போன்ல சொன்னாங்க. நாங்க வூட்டோட சிரிச்சு சிரிச்சு வயித்த வலி வந்துடுச்சு. 'ஞாயித்துக்கெழமைக்கு நீங்க வந்தா அது இருக்காது, எங்க வூட்டுக்காரரே துட்ட எடுத்து முழு வூட்டுக்கும் பெயிண்ட் அட்ச்சு குடுத்துடுவாரு பாருங்க'ன்னாங்க. அதே மாரி ஆயிடுச்சே!"

"எப்போ சொன்னா?"

"அது... வெளம்பரம் எழுதறதுக்கு மொத நாளு."

ரேணுகா தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "குடிங்க. வெளம்பரத்த நெனச்சிகினே சாப்புட்டா இப்டிதான்."

பெண் வீட்டார் நாள் குறித்துவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பிப் போனதும் உலகநாதன் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதறதுக்கு மொத நாளே சொன்னியாமே?"

ரேணுகா கொக்கிகளை வாயில் வைத்துக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

"ம்," என்றாள்.

அதற்கு அடுத்த வாரம். மாமல்லபுரத்திலிருந்து காலி வண்டியோடு உலகநாதன் திரும்பி வந்துகொண்டிருந்தார். வீட்டு முன்னால் மறுபடி ஏணி. ரோட்டோரச் சுவரில் மறுபடி விளம்பரம். ஏணிக்குக் கீழே கேசவன். உலகநாதன் பிரேக்கை மிதித்துக் குதித்து இறங்கினார்.

"டேய்! மறுபடியுமா?"

"அட, பயப்படாத அண்ணாத்த. இது நல்ல வெளம்பரம். இதுக்குப் பதிலா மொட்ட மாடிக்குத் தண்ணி ஒழுவாத பெயிண்ட்டு ஃப்ரீ. அக்கா பேசி முட்ச்சிட்டாங்க. உங்க ஐடியாதானாமே? ஆனா அக்கா கிட்ட பேசறது ரொம்ப கஷ்டம்பா. அன்னிக்கும் அப்டிதான். சிமெண்ட்டு கீது, ஜவுளிக்கட கீது, மூலம் கீது, எது வேணும்னேன். 'மூலமே எழுதுபா, பத்து நாளு போதும்'ன்னாங்க. உங்க கிட்ட ஒரு வருஷம்னு சொல்லச் சொன்னதும் அக்காதான். நான் பொய் சொல்ற ஆளு இல்ல அண்ணாத்த!"

உலகநாதன் ஏணியைத் தாண்டி நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் சுவரில் நின்றுவிட்டது. செங்கல்பட்டுப் பழைய பைக் கடை விளம்பரம். சுவர் முழுக்க, நிஜத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக, கறுப்பு நிறத்தில், சீட்டு பளபளக்க ஒரு புல்லட். அவர் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கின அதே சீட்டு. ஹெட்லைட்டில் சந்தனம், குங்குமம். கீழே தரையில், வரைந்த சக்கரம் முடிகிற இடத்தில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எலுமிச்சம்பழம்.

புல்லட் ஆசையை அவர் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. யாரிடமும்.

ரேணுகா காப்பி டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"செவுத்துல வரஞ்ச வண்டிக்கு எதுக்குமே பொட்டு?" என்றார்.

"இன்னாங்க இப்டி கேக்குறீங்க? புது வண்டிக்குப் பொட்டு வெக்காம இருக்கலாமா? ஆயுத பூஜைக்கு உங்க ஸ்பானர் டப்பாவுல கூட ஒண்ணு வுடாம எல்லாத்துக்கும் வெச்சேனே."

உலகநாதன் அன்றைக்கு நோட்டைத் துடைத்த தன் விரலைப் பார்த்தார். அது துரு இல்லை.

"காப்பி ஆறுது, குடிங்க," என்றாள் ரேணுகா. "ஆசப்பட்ட வண்டி, நீங்க சொன்ன மாரியே ஒத்த ரூபா செலவில்லாம வாசலுக்கே வந்துடுச்சு. இனிமே பெட்ரோலும் போட வாணாம்."